போலீஸ் நிறுத்தவே இல்லை, கேமரா சலான் மட்டும் வந்திருக்கிறது: கட்டத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வரம்புள்ள இடத்தில் உங்கள் கார் 83-ல் போனதாக, ஒரு மாதம் கழித்து எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. வழியில் யாரும் கை காட்டவில்லை, வண்டியை நிறுத்தவில்லை. ஆளே இல்லாமல் ஒரு இயந்திரம் போட்ட 1,000 ரூபாய் அபராதம் செல்லுமா, கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்த இயந்திரம் சரியாகத்தான் அளந்தது என்று யார் சான்று சொல்வது? முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: செல்லும். இரண்டாவதற்குத்தான் இவ்வளவு நீளம் தேவைப்படுகிறது.

நான் கீழமை நீதிமன்றங்களில் மோட்டார் வாகன வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞர். சட்டம் பற்றிச் சொல்வதை நம்பிக்கையோடு சொல்கிறேன். ரேடார் கருவி பற்றிச் சொல்வது, குறுக்கு விசாரணைக்காகப் படித்துத் தெரிந்துகொண்ட அளவுக்குத்தான். உங்கள் சலானையோ அதிலுள்ள படத்தையோ நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மோட்டார் வாகனம் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில், அதாவது மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடியவற்றில், இருக்கிற விஷயம். அதனால் சட்டத்தையும் விதியையும் மத்திய அரசு எழுதுகிறது, கேமராவை நடுவது மாநில அரசு. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் 136ஏ என்ற பிரிவு வந்தது. சாலைப் பாதுகாப்பை மின்னணு முறையில் கண்காணித்து அமல்படுத்துவதை மாநில அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது அது. விருப்பம் இருந்தால் செய்யலாம் என்ற சலுகை அதில் இல்லை. எப்படிச் செய்ய வேண்டும் என்பதை 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி சொல்கிறது. கோவை எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட சாலைப் பாதுகாப்புப் பொதுநல வழக்கில், 2024 செப்டம்பரில் நீதிமன்றம் இந்தப் பிரிவையும் விதியையும் நடைமுறைப்படுத்தச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆகவே 'கேமராவுக்குச் சட்டமே இல்லை' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி கோர்ட் படி ஏறாதீர்கள்.

அந்த 167ஏ விதியைப் பொதுமக்கள் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதில் பெரும்பகுதி நம்மைக் கட்டுப்படுத்த எழுதப்பட்டதல்ல, கேமராவைக் கட்டுப்படுத்த எழுதப்பட்டது. வேகக் கேமரா, சிசிடிவி, கையில் பிடித்து வேகம் அளக்கும் ஸ்பீடு கன், போலீஸ்காரர் உடம்பில் மாட்டும் கேமரா, நம்பர் பிளேட் படிக்கும் கேமரா, ஓடும் வண்டியை எடை போடும் கருவி எல்லாமே இதற்குள் அடக்கம். ஒவ்வொரு கருவிக்கும் மாநில அரசு நியமித்த அதிகாரியிடமிருந்து, 'இது துல்லியமாக, ஒழுங்காக இயங்குகிறது' என்ற ஒப்புதல் சான்று இருக்க வேண்டும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். கண்காணிக்கப்படும் சாலைப் பகுதிக்கு முன்பாகவே எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும். படத்தில் இடம், தேதி, நேரம் பதிவாகியிருக்க வேண்டும். சலானோடு, குற்றத்தையும் நம்பர் பிளேட்டையும் தெளிவாகக் காட்டும் புகைப்படம், கருவி காட்டிய அளவு, மீறிய சட்டப்பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் எல்லாம் வர வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். சலான் முடிவுக்கு வரும்வரை அந்தப் பதிவை அழிக்கக் கூடாது.

எந்தெந்தக் குற்றத்துக்கு இப்படிச் சலான் போடலாம் என்பதற்கும் பட்டியல் உண்டு. வேகம், சிக்னல் மீறல், ஹெல்மெட், சீட் பெல்ட், எதிர்த்திசையில் ஓட்டுவது, கையில் போனோடு ஓட்டுவது, அதிக பாரம், ஆம்புலன்ஸுக்கு வழி விடாதது என்று போகிறது அது. இன்சூரன்ஸ் இல்லாதது அதில் இல்லை. சுங்கச்சாவடிக் கேமராவில் நம்பரைப் படித்து, பதிவேட்டோடு ஒப்பிட்டு இன்சூரன்ஸ் சலான் போடும் வழக்கம் சில மாநிலங்களில் வந்திருக்கிறது. அது இந்த விதிக்குள் அடங்குமா என்பது வாதத்துக்கு உரியது. உங்கள் விஷயம் வேகம்; அது பட்டியலில் முதலிலேயே இருக்கிறது.

உறுதியான செய்தி இன்னொன்று உண்டு, வக்கீல்களிலேயே பலர் கவனிக்காதது. மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை ஆய்வாளர் வந்து முத்திரை குத்துவதை நாம் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறோம். அரை கிலோ புளியை அளக்கும் தராசுக்கு இருந்த அந்தக் கட்டுப்பாடு, ஆயிரக்கணக்கில் அபராதம் வாங்கித் தரும் ரேடார் கருவிக்குத் தனி விதியாக இல்லாமலே வெகுகாலம் ஓடியது. 2025-ல்தான் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, சட்டமுறை எடையளவு விதிகளின் கீழ், வாகன வேகம் அளக்கும் ரேடார் கருவிகளுக்கென்று விதி கொண்டுவந்தது. 2025 ஜூலை 1 முதல் அமல். அதன்படி கருவியைச் சரிபார்த்து முத்திரை வாங்கிய பிறகே சாலையில் வைக்க வேண்டும். ஆக, உங்களைப் பிடித்தது ரேடார் என்றால், தேதி அதற்குப் பிந்தையது என்றால், கேட்க வேண்டிய காகிதம் இரண்டு: மாநிலத்தின் ஒப்புதல் சான்று, எடையளவுத் துறையின் சரிபார்ப்புச் சான்று.

இனி சந்தேகமான பகுதிக்கு வருகிறேன். இத்தனை கட்டளை போட்ட விதி, மாநில அரசு அதை மீறினால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பலகை வைக்காவிட்டால் சலான் ரத்தா? சான்று காலாவதியாகிவிட்டால்? நோட்டீஸ் 15 நாளுக்குப் பதில் 30-வது நாளில் வந்தால்? எதற்கும் விதியில் பதில் கிடையாது. பிரிட்டனில் இப்படி இல்லை. அங்கே வேகக் கேமராவுக்கு உள்துறை அமைச்சகத்தின் வகை ஒப்புதல் (அந்த மாடல் கருவிக்கே தரும் அனுமதி) வேண்டும். வழக்குத் தொடரப்போவதாக நோட்டீஸ் 14 நாட்களுக்குள் பதிவு உரிமையாளருக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, தண்டிக்கவே முடியாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் விதியை எழுதியவர்கள் 15 நாள் என்ற எண்ணைப் போட்டார்கள், அதற்குப் பின்னால் வர வேண்டிய வாக்கியத்தைப் போடாமல் விட்டுவிட்டார்கள். இந்த விஷயத்தில் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான்.

அதனால் 'ஒரு மாதம் கழித்து வந்தது, ஆகவே செல்லாது' என்று உங்களிடம் உறுதி கூற நான் தயாரில்லை. அது வாதம், நல்ல வாதம்தான். ஆனால் ஒரு மாஜிஸ்திரேட் அதை ஏற்பார், அடுத்த அறையில் இருப்பவர், 'தாமதத்தால் உங்களுக்கு என்ன பாதிப்பு?' என்று திருப்பிக் கேட்பார். கேட்டால் சொல்ல ஒரு பதிலை வைத்துக்கொள்ளுங்கள். டேஷ்கேம் (காருக்குள் மாட்டும் கேமரா) பதிவு அதற்குள் அழிந்துவிட்டது, அன்று வண்டியை ஓட்டியது யார் என்று நினைவில்லை என்பன போன்ற உண்மையான பாதிப்பு இருந்தால் வாதத்துக்கு எடை கூடும். சலானோடு வர வேண்டிய மின்னணுச் சாட்சியச் சான்றிதழ் விஷயத்தில் கொஞ்சம் உறுதியாகப் பேசலாம். மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக்கச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் தீர்த்துச் சொல்லிவிட்டது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்த இடத்தில், 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவு இருக்கிறது. இப்போது சான்றிதழ் இரண்டு பகுதியாக, கருவிக்குப் பொறுப்பானவர் ஒன்று, நிபுணர் ஒன்று என்று தர வேண்டும். வழக்கு என்று நடந்தால் அரசுத் தரப்பு இதைக் கொண்டு வந்தாக வேண்டும்.

ஆனால் உங்கள் வழக்கில் நான் முதலில் கை வைக்கும் இடம் கேமரா அல்ல, அந்த 60 என்ற எண். சட்டத்தின் 112-வது பிரிவைப் பாருங்கள். பொது வரம்பைவிடக் குறைந்த வேகத்தை ஓரிடத்தில் நிர்ணயிக்க வேண்டுமானால் மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ அரசிதழில் அறிவிக்க வேண்டும், உரிய இடத்தில் சாலைக் குறியீட்டுப் பலகையும் நட வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் வரம்பு. (ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகக் கட்டுப்பாட்டுக்கு மட்டும் அரசிதழ் தேவையில்லை.) புறவழிச்சாலை ஓரத்தில் வேப்பமரக் கிளைக்குள் பாதி மறைந்து, மீதியை ஒரு காதணி விழா பேனர் மூடிக்கொண்டிருக்கும் 60 பலகைகளை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் சலானில் உள்ள இடத்துக்கு ஒருமுறை போய், நீங்கள் வந்த திசையிலேயே வந்து, பலகை எங்கே இருக்கிறது, ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரிகிறதா என்று படம் எடுத்து வாருங்கள். எந்தச் சட்டப் புத்தகத்தையும்விட அந்தப் படம் கோர்ட்டில் உதவும்.

வரம்பு என்ற எண் எவ்வளவு அலட்சியமாகக் கிடக்கக்கூடும் என்பதைச் சென்னை 2023-ல் காட்டியது. ஜூன் மாதம் வேகம் அளக்கும் கருவிகளை வைத்து, பகலில் 40, இரவில் 50 என்ற வரம்பை அமல்படுத்தப் போவதாகப் போக்குவரத்துப் போலீஸ் அறிவித்ததும் ஊரே கொதித்தது. காலியான சாலையில் 40-ல் யார் போவார்கள் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. கடைசியில் அதை நிறுத்தி வைத்து, ஆய்வு செய்து, நவம்பரில் கார்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதியில் எல்லாருக்கும் 30 என்று மாற்றினார்கள். கான்ஸ்டபிள் நிற்கிற காலத்தில் 40-க்கு 48-ல் போகிறவரை அவர் கண்டுகொள்ள மாட்டார். அந்த விட்டுக்கொடுப்பில்தான் பொருந்தாத வரம்புகள் பல வருஷம் உயிரோடு இருந்தன. இயந்திரத்துக்கு அது தெரியாது.

கேரளத்திலும் இதே கதை வேறு வடிவில் நடந்தது. 2023 ஏப்ரலில் தொடங்கி ஜூன் 5 முதல் அபராதம் போட ஆரம்பித்த அவர்களுடைய திட்டத்தில் 726 கேமராக்கள். ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, நடுவில் குழந்தை என்று போகும் குடும்பத்தையும் கேமரா 'மூன்று பேர்' என்றே எண்ணும். சட்டப்படி அது சரியும்கூட. அபராதம் தொடங்குவதற்கு முன்பே எழுந்த எதிர்ப்பில், 12 வயதுக்குட்பட்ட குழந்தை மூன்றாவது ஆளாக இருந்தால் இப்போதைக்கு அபராதம் இல்லை என்று அப்போதைய போக்குவரத்து அமைச்சர் ஆண்டனி ராஜு அறிவிக்க வேண்டியதாயிற்று.

அந்த 726-ல் 675 கேமராக்கள் ஹெல்மெட், சீட் பெல்ட் போன்றவற்றைப் பார்ப்பவை. வேகத்துக்கானவை நிலையாக 4, நடமாடுபவை 4, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் முக்கியம். வேகக் கருவி ஒரு அளவை எடுக்கிறது. அளவைச் சோதித்துப் பார்க்க முடியும், பிழை எவ்வளவு என்று சொல்ல முடியும். ஹெல்மெட் கேமரா அளப்பதில்லை, படத்தைப் பார்த்து ஊகிக்கிறது. கறுப்புச் சட்டை மேல் கறுப்பு சீட் பெல்ட், தலையில் சுற்றிய துண்டு, தோளில் குறுக்கே போட்ட பையின் வார் எல்லாம் அதைக் குழப்பும். நெதர்லாந்தில் 2023-ல் தலையைச் சொறிந்த ஒருவரைப் போன் பேசியதாகக் கணித்து 380 யூரோ அபராதம் போட்டது ஒரு கேமரா. வேடிக்கை என்னவென்றால் அங்கே படத்தை ஆளும் பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் அபராதம் போயிருந்தது. அதனால் 'துல்லியமாக இயங்குகிறது' என்ற ஒரே சான்றை இந்த இரண்டு வகைக்கும் தருவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஊகிக்கும் கேமராவுக்கு, எத்தனை முறை தவறாகச் சொல்கிறது என்பதைச் சோதித்து வெளியிடச் சொல்லும் விதி வேண்டும். அது என் கருத்து, இன்றைய சட்டம் அல்ல.

வேகக் கருவிக்கு வருவோம். பலர் கோர்ட்டில் சொல்லிப் பார்க்கும் வாதம், 'கேமரா சாய்வாக இருந்தது, அதனால் வேகம் கூடக் காட்டியது' என்பது. நிலையான ரேடாரில் நடப்பது நேர்மாறு. வண்டி வரும் திசைக்கும் ரேடார் கதிருக்கும் கோணம் கூடக்கூட, காட்டும் வேகம் உண்மையைவிடக் குறையும். அதாவது சாய்வு உங்களுக்குச் சாதகம். இந்த வாதத்தை விட்டுவிடுங்கள். உண்மையான பலவீனம் கதிரின் அகலத்தில் இருக்கிறது. ரேடார் கதிர் விரிந்து போகும். பக்கத்து லேனில் ஒரு ஆம்னி பஸ் உங்களை முந்திக்கொண்டிருந்தால், 83 என்பது உங்களுடையதா பஸ்ஸினுடையதா என்பது நியாயமான கேள்வி. லேசர் கருவியில் இந்தச் சிக்கல் குறைவு. சில நூறு மீட்டர் தள்ளியும் கதிர் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்குத்தான் விரியும். ஆகவே சலான் படத்தில் பாருங்கள்: உங்கள் கார் மட்டும் இருக்கிறதா, பக்கத்தில் வேறு வண்டி இருக்கிறதா? நம்பர் முழுவதும் படிக்க முடிகிறதா? 8-ஐ பி என்றும், சுழியை டி என்றும் படித்துவிட்ட சலான்கள் என்னிடம் வந்திருக்கின்றன. அவற்றில் காரின் நிறமோ மாடலோகூட ஒத்துப்போகாது.

ஓட்டியது நான் இல்லை என்றால் என்ன செய்வது என்று அடுத்து யாராவது கேட்பார்கள். சலான் ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்குத்தான் வரும். 133-வது பிரிவின்படி, அதிகாரம் பெற்ற போலீஸ் அதிகாரி கேட்டால் ஓட்டியவரின் பெயர், முகவரியை உரிமையாளர் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அது தனிக் குற்றம். அமெரிக்காவில் மிசூரி மாநில உச்ச நீதிமன்றம் 2015-ல், உரிமையாளர்தான் ஓட்டினார் என்று அனுமானித்து, இல்லை என்று நிரூபிக்கும் பாரத்தை அவர் தலையில் வைத்த நகர விதியைச் செல்லாது என்று ஒதுக்கியது. இங்கே அந்த அளவுக்கு யாரும் போகவில்லை. வண்டியை விற்றும் பெயர் மாற்றாமல் விட்டவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன? மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் சலான் எண்ணைப் போட்டு முழுச் சலானையும் படத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். எஸ்எம்எஸ்ஸில் உள்ள லிங்க்கைத் தொட வேண்டாம். சலான் பெயரில் ஏமாற்றுகிறவர்கள் நிறைய. நம்பரே தவறு என்றால் அந்தத் தளத்திலேயே புகார் கொடுக்கும் வசதி இருக்கிறது, படத்தோடு ஆர்.சி. நகலையும் இணைத்துப் போடுங்கள். நம்பர் சரி, சந்தேகம் கருவி மேல்தான் என்றால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு: அந்தத் தேதியில் அந்தக் கருவிக்கு இருந்த ஒப்புதல் சான்று, சரிபார்ப்புச் சான்று, வேக வரம்பு அறிவிக்கப்பட்ட அரசிதழ் நகல், எச்சரிக்கைப் பலகை வைத்த இடம் ஆகிய நான்கையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கேள்வி கேட்க நினைத்தால் பணத்தைக் கட்டாதீர்கள். கட்டியதும் 200-வது பிரிவின்படி குற்றம் இணக்கமாக முடிந்ததாகிவிடும். அதற்குப் பிறகு 15 நாள் வாதமும் இல்லை, சான்றிதழ் வாதமும் இல்லை. அதற்காகச் சும்மா விட்டுவிடுவதும் புத்திசாலித்தனம் அல்ல. கட்டாத சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு (இணையவழி நீதிமன்றம்) போகக்கூடும், அங்கே மறுத்தால் வழக்கமான கோர்ட்டுக்கு வரலாம், சம்மன் வரலாம். வண்டியை விற்கப் போகும்போதும் நிலுவைச் சலான் முன்னால் வந்து நிற்கும். பணம் கட்டவும் ஆட்சேபிக்கவும் எத்தனை நாள் என்பதை இப்போதைய அறிவிப்பின்படி தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், இந்தக் காலக்கெடுக்கள் திருத்தப்படுபவை.

கார் ஒன்றுதான் படத்தில் இருக்கிறது, பலகை நன்றாகத் தெரிகிறது, அரசிதழும் இருக்கிறது என்றால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஆயிரத்தைக் கட்டிவிடுவேன். வாய்தாவுக்கு லீவு போட்டு அலைவதில் அதைவிட அதிகம் போய்விடும். பலகை இல்லை என்றாலோ, படத்தில் பக்கத்திலேயே ஒரு பஸ்ஸும் இருக்கிறது என்றாலோ, கட்டாமல் கோர்ட்டில் பார்த்துக்கொள்வேன்.